நடந்து காட்டு

எங்கள் வீட்டு முற்றத்தில் கிணற்றடியிலிருந்து வாசற்படி வரைக்கும் நடந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். எனக்கு வயதாகிவிட்டது, அந்தக் கிணற்றையும் மூடியாயிற்று, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. "இன்னுமா அதை நினைச்சுக்கிட்டு இருக்க?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், இன்னும்தான். அவர்களை யாரும் முற்றத்தில் நிறுத்தி நடந்து காட்டச் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் உடற்கல்வி படித்து முடித்துவிட்டு, கம்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக பி.டி. டீச்சராக இருந்தேன். ஊர் காமயகவுண்டன்பட்டி. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில்தான் போய் வருவேன். ஒரு தை மாதக் காலையில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஜீப் ஒன்று, ரோடு என்னவோ தன் பாட்டன் வாங்கிப் போட்ட சொத்து என்பது போல வந்து, என்னை இடித்து வாய்க்காலில் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஜீப்பில் இருந்த ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்று வாய்க்காலில் கிடந்தபடியே கத்தினேன்.

கூடலூர்ப் பக்கம் எலும்பு கட்டுகிற வைத்தியர் ஒருவர் இருந்தார். முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்து இறுக்கிக் கட்டினார். சித்திரை முடிவதற்குள் கட்டை அவிழ்த்துவிட்டார். "எலும்பு கூடிருச்சுத்தா. இனி தெம்புதான் வரணும். அது படுத்துக் கிடந்தா வராது, நடந்தாத்தான் வரும்" என்றார். நடந்தேன். காலையில் எழுந்ததும் உடம்பு கொஞ்சம் வலது பக்கம் சாயும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். என் கால் விவகாரம் மொத்தமும் இவ்வளவுதான்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா அவர். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தைக்கு ஒரே மகன், எனக்கு முறை மாப்பிள்ளை. நான் பிறந்த அன்றைக்கே, "என் மருமக பிறந்துட்டா" என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தவர் அத்தை. அதற்கப்புறம் எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் இந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசியதே கிடையாது. விடிந்தால் வெளிச்சம் வருமா என்று யாராவது பேசுவார்களா?

மச்சானை எனக்குப் பிடிக்கும். இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. கண்ணை இடுக்கிக்கொண்டு அழகாகச் சிரிப்பார். கடைக்குப் போனால், மாமா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பச்சை ஏலக்காயைக் கை நிறைய அள்ளி என் கையில் திணிப்பார். அதைக் கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். போதுமா?

கால் உடைந்த பிறகு அத்தையின் பேச்சு மாறியது. முதலில் கால் ஆறட்டும் என்றார். பிறகு பங்குனி போகட்டும் என்றார். வைகாசியில் ஒருநாள் அத்தை, மாமா, மச்சான் மூன்று பேரும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். தேதி குறிக்கத்தான் வருகிறார்கள் என்று அப்பா வாழைத்தாரே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, நெய்யை ஊற்றி, முந்திரியை வறுத்துப் போட்டு, கேசரி கிண்டினேன். மச்சானுக்குக் கேசரி என்றால் உயிர்.

எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். கேசரியைக் கொண்டுபோய் வைத்தேன். அத்தை ஒரு வாய் போட்டுக்கொண்டார். "இனிப்பு எடுப்பா இருக்கு" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்கிறாத. நம்ம பிள்ளைதான், நான் தூக்கி வளத்த பிள்ளைதான். இருந்தாலும் நாலு பேரு கேப்பாகள்ல? ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லு."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் காது இரண்டும் கொதித்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் நடக்கச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கம்தான். திக்குவாயா என்று பார்க்கப் பாடச் சொல்வார்கள், கண் தெரிகிறதா என்று பார்க்க ஊசியில் நூலைக் கோக்கச் சொல்வார்கள், கால் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நடக்கச் சொல்வார்கள். அதுவே அக்கிரமம். ஆனால் அதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் செய்வது. இந்த அத்தை எனக்கு நடை பழக்கியவர். அவர் விரலைப் பிடித்துத்தான் இதே முற்றத்தில் முதல் அடி வைத்தேன் என்று அவரே ஆயிரம் தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். 'போக்கா, வேலையைப் பாரு' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நடந்து காட்டுத்தா" என்றார்.

நடந்தேன். அதுதான் இன்றைக்கு வரைக்கும் எரிகிறது. கிணற்றடியிலிருந்து வாசற்படி வரைக்கும், வாசற்படியிலிருந்து கிணற்றடி வரைக்கும். அத்தை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இன்னொரு தடவை நட. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்க, பாதம் தெரிய மாட்டேங்குது." சந்தையில் மாட்டைக்கூட இரண்டாவது சுற்று விடச் சொல்ல மாட்டார்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தேன்.

மச்சான் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். கேசரி தின்றுகொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. ஸ்பூனால் தட்டை வழிக்கிற சத்தம் மட்டும் நான் நடக்க நடக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வலது பக்கம் லேசா இழுக்குது" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். "அவசரமில்ல தம்பி. ஆனி போயி ஆடியும் போகட்டும், ஆவணியில பாப்போம்." போகும்போது மீதிக் கேசரியைத் தூக்குவாளியில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். நெய் விட்டுக் கிண்டியவள் நான், ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

அவர்கள் போனதும் அப்பாவிடம் கத்தினேன். "எதுக்கு நடக்கச் சொன்னீக?"

"அக்கா மனசு நோகக் கூடாதுல்லத்தா."

"அப்ப என் மனசு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா அடுப்படியை விட்டு வெளியிலேயே வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆடி மாதத் தொடக்கத்தில் கம்பத்து டீக்கடைச் சுவர்களில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சுதந்திர தினத்துக்கு அங்கே ஓர் இளைஞர் மன்றம் பெரிய போட்டி நடத்துகிறது. வெளிநாட்டில் இப்படி நடத்துகிறார்கள் என்று அந்தப் பையன்கள் ஏதோ பத்திரிகையில் பார்த்திருக்கிறார்கள். முதலில் முல்லைப் பெரியாற்றில் நீச்சல். கரையேறியதும் சைக்கிளில் கம்பத்திலிருந்து தேனி வரைக்கும். அங்கே சைக்கிளைப் போட்டுவிட்டு, தேனியிலிருந்து போடிக்கு ஓட்டம். மூன்றும் ஒரே மூச்சில், இடையில் ஓய்வு கிடையாது. முதலாவது வருகிறவருக்குக் கைக்கடிகாரம்.

எனக்கு அந்தக் கடிகாரம் பெரிதாகத் தெரியவில்லை. போடியில் முடிகிறது என்பதுதான் கண்ணில் பட்டது. போடி பஜார் வழியாகத்தான் மைதானத்துக்குப் போயாக வேண்டும். அத்தை வீடு பஜாரிலேயே இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. நடந்து காட்டு என்றா கேட்டீர்கள்? கம்பத்திலிருந்தே காட்டுகிறேன், கண் நிறையப் பாருங்கள். அத்தையின் வாய் அடங்க வேண்டும். அதைவிட முக்கியம், மச்சான் கடையை விட்டு ரோட்டில் இறங்கி, ஊர் பார்க்க எனக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வைகாசியில் சொல்லாத அந்த ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கேசரியை மறந்துவிடலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். கோபம் எவ்வளவு இருந்தாலும் ஆசை விட்டுப் போகவில்லை.

மன்றச் செயலாளர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். பெயர் கொடுக்கப் போனேன். அவர் சாலிடரிங் இரும்பைக் கையில் வைத்தபடி பேயறைந்த மாதிரி பார்த்தார்.

"டீச்சர், பொம்பளைகளுக்குக் கோலப்போட்டி வச்சிருக்கோமே. அதுல சேருங்களேன்."

"நோட்டீசுல ஆம்பளை மட்டும்னு எங்கன போட்டிருக்கு?"

"போடல. யாரு வரப்போறாகன்னு..."

"வந்துட்டேன்ல. எழுதிக்கங்க."

"ஆத்துல நீஞ்சணும் டீச்சர்."

"நான் பிறந்ததுல இருந்து அந்த ஆத்துலதான் குளிக்கேன். நீங்க எங்கன குளிக்கிறீக?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. கால் அடிபட்டதைச் சொல்லிப் பார்த்தார். கால் என்னுடையது, மன்றத்துடையது இல்லை என்றேன். கடைசியில் அப்பா கூடவே வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். ஆண் யாருக்கும் இந்த நிபந்தனை கிடையாது. எரிச்சலாகத்தான் இருந்தது, சரி என்று வந்துவிட்டேன்.

அப்பா மாட்டேன் என்பார் என்று எதிர்பார்த்து, சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "மொபெட்டுக்கு பெட்ரோல் போட்டுக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். சண்டை போட முடியாமல் போனதில் எனக்கு இன்னும் கோபம்.

வைத்தியர்தான் தலையில் அடித்துக்கொண்டார். "ஓடாதத்தா. ஓடுனா வீங்கும்." நடக்கலாமா என்று கேட்டேன். "நடக்கிறதுக்கு நான் எதுக்குத் தடை சொல்லப் போறேன்?" என்றார். ஓட்டத்தில் நடந்தால் கழித்துவிடுவார்களா என்று செயலாளரிடம் கேட்டேன். அப்படி ஒரு விதியே அவர்கள் எழுதவில்லை. விடிகாலையில் ஆறு, பள்ளிக்குப் போகும்போது சைக்கிள், சாயங்காலம் தோட்டத்து வரப்பில் நடை என்று ஆடி மாதம் முழுக்கப் பழகினேன்.

போட்டி அன்றைக்கு ஆறு கரை தொட்டு ஓடியது. அணை திறந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டிருந்த நேரம். கலங்கல் தண்ணீர், மலையிலிருந்து வந்த குளிர் இன்னும் விடவில்லை. கால்சட்டையோடு ஆண்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். நான் கல்லூரியில் வாங்கிய நீல டிராக் பேண்டும் அப்பாவின் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தேன். "டீச்சர், தண்ணி ஆளை இழுக்கும், பாத்து" என்று ஒருவன் இளித்தான். "உன்னைய இழுத்தா நான் பிடிச்சு விடுறேன்டா" என்றேன்.

விசில் ஊதியதும் அவர்கள் நடு ஆற்றில் பாய்ந்தார்கள். வேகம் நடுவில் இருக்கிறது என்று நினைப்பு. அந்த இடத்தில் சுழல் இருப்பது துணி துவைக்கப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். நான் கரையோரம் நாணலை ஒட்டிப் போனேன். தண்ணீருக்குள் என் கால் மற்ற எல்லார் காலையும் போலத்தான் இருந்தது. இளித்தவன் சுழலில் சுற்றிக்கொண்டு நின்றான். காவலுக்கு நின்ற பரிசல்காரர் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். நான் பாலத்தடியில் படி ஏறியபோது எனக்குப் பின்னால் பாதிப் பேர் இருந்தார்கள்.

சைக்கிள் சுலபம். ஆடிக்காற்று மேற்கேயிருந்து முதுகைப் பிடித்துத் தள்ளியது. உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஒவ்வோர் ஊரிலும் ரோட்டோரம் கூட்டம். "ஏலே, பொம்பளை வருதுடா!" என்று ஒரு கத்தல். ஏதோ யானை வருகிற மாதிரி. வாழைத் தோப்புகளில் இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்பா மொபெட்டில் பின்னாலேயே வந்தார். வீரபாண்டி தாண்டியபோது பிளாஸ்கைத் திறந்து சுக்குக் காப்பி கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தேன்.

தேனியில் சைக்கிளை விட்டு இறங்கியபோதுதான் கதை மாறியது. வலது பாதம் தரையில் பட்டதும் கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் விண்ணென்று தெறித்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வீங்கத் தொடங்கியிருந்தது. எனக்கு முன்னால் வந்தவர்களில் சிலர் தரையில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் படுத்தே விட்டார்.

போடி ரோட்டில் திரும்பினால் காற்று நேரே முகத்தில் அடித்தது. அதுவரை தள்ளிவிட்ட அதே காற்று இப்போது நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தது. வாயெல்லாம் புழுதி. கொஞ்சம் ஓடுவேன், முடியாமல் போனால் நடப்பேன். நடக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பாதத்தையும் நேராக வைத்தேன். வரப்பில் பழகிய நடை அது. போடி ரயில் பக்கத்தில் கூவிக்கொண்டு போனது. ஜன்னலில் தொங்கியவர்கள் விசிலடித்தார்கள். உங்கள் வீட்டில் அக்கா தங்கை இல்லையா என்று கத்தினேன், காற்று அதை என் வாய்க்குள்ளேயே திருப்பி அடித்தது.

கோடாங்கிபட்டிப் பக்கம் அப்பா மொபெட்டை என் அருகில் கொண்டுவந்தார்.

"போதும்த்தா. வண்டியில ஏறு."

"ஏற மாட்டேன்."

"கால் போயிரும்த்தா."

"போகட்டும். நடந்து காட்டுன்னு நீங்கதான் சொன்னீக. காட்டுறேன், பேசாம வாங்க."

அவர் மொபெட்டை நிறுத்திவிட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன். கொஞ்ச தூரம் போனபின் சத்தம் கேட்காததால் திரும்பினேன். இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பின்னால் நடந்தே வந்துகொண்டிருந்தார். காற்றில் அவர் வேட்டி காலைச் சுற்றியது. ஏறி ஓட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் போடி வரைக்கும் ஏறவில்லை.

வழியில் தீர்த்தத்தொட்டி என்ற இடத்தில் ஒரு டீக்கடை. வாசலில் ஒருவர் கறுப்புக் குடையை விரித்து அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆடிக்காற்றில் எந்தப் புத்தியுள்ளவன் குடை விரிப்பான்? நான் நெருங்கிய நேரம் ஒரு காற்று வந்து குடையை மல்லாத்தி அடித்தது. உள்ளே மாமா. போடியில் பத்து டீக்கடை இருக்க, டீ குடிக்க அங்கே வந்திருக்கிறார்.

"சும்மாதான்த்தா... இங்கன டீ நல்லா இருக்கும்னாக..."

"உளவு பாக்க அனுப்புனாகளா அத்தை?"

அவர் மல்லாந்த குடையைச் சரிசெய்வது போல நடித்தார். "அவ சொன்னா நான் என்னத்தா செய்ய?"

"நல்லாப் பாத்துக்கங்க மாமா. இது இடது கால். இது வலது கால். ரெண்டும் என் காலுதான். போயிச் சொல்லுங்க." காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனேன். பாவம், மாமா நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் எல்லாம் இப்படிக் குடைக்குள் ஒளிந்துகொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

போடி பஜாருக்குள் நுழைந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் ஜனம். தூரத்திலேயே அத்தை வீட்டு மொட்டைமாடி தெரிந்தது, மாடிச் சுவரில் அத்தையின் பச்சைச் சேலையும் தெரிந்தது. கீழே கடை வாசலில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் மச்சான் நின்றார். என்னைப் பார்த்ததும் மூட்டையைத் தாண்டிக் குதித்து ரோட்டுக்கு ஓடி வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் வலி போன இடம் தெரியவில்லை. வந்துவிட்டார், ஊர் பார்க்க வந்துவிட்டார், இதோ சொல்லப் போகிறார்.

என் பக்கத்திலேயே கூட ஓடிவந்து, குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"ஏ புள்ள, கொஞ்சம் நேரா நட. அம்மா மாடியில இருந்து பாக்குறாக."

அந்த இடத்திலிருந்து மைதானம் வரைக்கும் நான் நடக்கவில்லை. ஓடினேன். வைத்தியர் சொன்னது, கட்டியது, வீக்கம், எதுவும் நினைவில் இல்லை. அழுதேனா என்று கேட்டால் தெரியாது, முகமெல்லாம் வேர்வையும் புழுதியும். கடைசிக் கயிற்றைத் தாண்டியபோது எனக்கு முன்னால் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் வர வேண்டியவர்களில் பலர் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

மேடையில் எனக்கும் ஒரு பரிசு வைத்திருந்தார்கள். ஆண்களுக்குக் கடிகாரமும் டார்ச் லைட்டும், எனக்கு எவர்சில்வர் குடம். செயலாளர் மைக்கில், "தன் கால் ஊனத்தையும் பொருட்படுத்தாமல், நம் சகோதரி..." என்று தொடங்கினார். மைக்கைப் பிடுங்கினேன். "ஊனமில்ல. ஒடிஞ்சது, கூடிருச்சு. ஒழுங்காச் சொல்லுங்க" என்றேன். கூட்டம் கை தட்டியது. எனக்கு அந்தக் கைதட்டலும் பிடிக்கவில்லை.

வைத்தியர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு எண்ணெய்க் கட்டுப் போட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவணி பிறந்தது. வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்து அத்தை, மாமா, மச்சான் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். இந்தத் தடவை கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, மேலே அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை.

அத்தைக்கு வாயெல்லாம் பல். "உங்க மாமா சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனாக. ஓடுன ஆம்பளை பூராம் காலைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி வந்தானுகளாம். நம்ம பிள்ளை ஒருத்திதான் ரெண்டு காலையும் நேரா வச்சு வந்தாளாம். எனக்கு அப்பவே தெரியும் தம்பி, பிள்ளை கால்ல ஒரு குறையும் இல்லைன்னு. ஆவணிக்குள்ள முடிச்சிருவோம்."

அப்படியானால் நான் நொண்டியிருந்தால்? அதை அங்கே யாரும் கேட்கவில்லை. அப்பா தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அன்றைக்கும் கேசரி கிண்டியிருந்தேன். தட்டில் போட்டுக் கொண்டுபோய் மச்சான் முன்னால் வைத்தேன். அவர் கண்ணை இடுக்கிச் சிரித்துக்கொண்டே ஸ்பூனை எடுத்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு மச்சான்" என்றேன். "ஒரு தடவை நடந்து காட்டுங்க."

மச்சானின் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"என்னாத்தா இது வெளையாட்டு?" என்றார் அத்தை.

"வெளையாட்டு இல்லத்தை. நாலு பேரு கேப்பாகள்ல?"

"ஆம்பளைப் பிள்ளையப் பாத்து நடன்னு சொல்றியா? தம்பி, கேட்டுக்கிட்டு இருக்கியா உன் மக பேசுறதை?"

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். முகத்தைத் துடைத்தார். வைகாசியில் துடைத்த அதே துடைப்பு. போச்சு, என்னைத்தான் வையப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பிள்ளை கேக்குதுல்ல மாப்பிள்ளை" என்றார் அப்பா. "கிணத்தடியில இருந்து வாசப்படி வரைக்கும்தான். எந்திரிங்க."

அக்காவை எதிர்த்து அப்பா பேசி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அத்தைக்கும் அது புதிது.

மச்சான் என்னைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். எழுந்தார். கிணற்றடிக்குப் போய் நின்று, ஓரடி வைத்தார், இன்னோரடி வைத்தார். நடந்துவிடுங்கள் மச்சான், என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். சிரித்துக்கொண்டோ திட்டிக்கொண்டோ அந்த முற்றத்தை ஒரு தடவை நடந்து முடித்திருந்தால், சத்தியமாக அந்த ஆவணியிலேயே அவருக்குக் கழுத்தை நீட்டியிருப்பேன்.

"ஏலே, வந்து உக்காருடா" என்றார் அத்தை.

வந்து உட்கார்ந்தார்.

அப்பா தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்து, அத்தையின் மடிப்பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தார். "மத்தியான பஸ்ஸுக்கு நேரமிருக்குக்கா" என்றார். அத்தை வாசலில் நின்று என்னென்னவோ சொல்லிச் சபித்தார். மாமா குடையைத் தேடி எடுத்துக்கொண்டார். மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே போனார். கடைசி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சான் வைத்துவிட்டுப் போன தட்டை நான் எடுத்துக்கொண்டேன். கிணற்றடியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அந்தக் கேசரியை முழுவதும் நானே தின்றேன். அத்தை சொன்னது சரிதான், இனிப்பு எடுப்பாகத்தான் இருந்தது.